வாசகர் கேள்வி – பதில்: அருட்டப்பட்ட கருவின் ஆயுளை அளப்பது எப்படி?

சென்ற இதழில் காமாக் கதிர்வீசல் பற்றி எழுதியபோது, அருட்டப்பட்ட கரு ஒன்று, அதாவது மேலதிக சக்தி பெற்று உயர்நிலையில் நிற்கும் அணுக்கரு ஒன்று, சில பிக்கோ செக்கன்கள் மட்டும் அந்நிலையில் இருந்துவிட்டுக் காமாக் கதிரை வெளிவிட்டுத் தாழ்நிலைக்கு இறங்குகிறது என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அது எப்படித் தெரியும் என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்குகிறேன்.

கேள்வி (கொக்குவிலிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்): ஐயா, ஒரு பிக்கோ செக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை அளக்கும் கடிகாரம் உண்டா? இல்லையென்றால் அந்த எண்ணை நாங்கள் எப்படி நம்புவது?

பதில்: நம்ப வேண்டியதில்லை, மகள். அளந்த முறையைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இயற்பியலில் அதுவே முறை. ஒரு பிக்கோ செக்கனில் ஒளி செல்லும் தூரம் 0.3 மில்லிமீற்றர் மட்டுமே. காமாக் கதிர் பட்டு ஒரு பளிங்கு மினுங்கும்போது, அந்த மினுக்கம் பளிங்குக்குள் அங்குமிங்கும் தெறித்து வெளியே வருவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். எனவே ஒவ்வொரு பிக்கோ செக்கனாக எண்ணும் கடிகாரம் இந்த வேலைக்கு இல்லை. ஆனால் அதைவிட ஆயிரம் மடங்கு நீண்ட நனோ செக்கன் ஆயுள்களுக்குக் கடிகாரம் உண்டு. அதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகும்.

கோபாற்று-57 என்ற சமதானியை எடுத்துக்கொள்வோம். அது 272 நாள் அரை ஆயுட்காலத்துடன், தன்னைச் சுற்றியுள்ள இலத்திரன் ஒன்றைக் கவர்ந்து இரும்பு-57 ஆக மாறுகிறது. அவ்வாறு பிறக்கும் இரும்புக் கரு பெரும்பாலும் 136 கிலோ இலத்திரன்வோல்ற்று (கருவின் சக்தியை அளக்கும் அலகு) உயரத்திலுள்ள படியில், அதாவது சக்திமட்டத்தில், நிற்கும். அங்கிருந்து 122 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் காமாக் கதிர் ஒன்றை விட்டு 14.4 கிலோ இலத்திரன்வோல்ற்றுப் படிக்கு இறங்கும். அங்கே சற்றுத் தங்கிய பின்னரே தரைநிலைக்கு, அதாவது ஆகத் தாழ்ந்த படிக்கு, வரும். நாம் அளக்க விரும்புவது அந்தத் தங்கலை. கதிரை வெளிவிடும் கோபாற்று மூலத்தின் இரு பக்கமும் இரண்டு உணர்கருவிகளை வைத்து, ஒன்று 122 கதிரைக் கண்டதும் 'தொடங்கு' என்றும், மற்றது 14.4 கதிரைக் கண்டதும் 'நிறுத்து' என்றும் மின்துடிப்பு அனுப்புமாறு செய்கிறோம். இடையிலுள்ள சுற்றில் ஒரு கொள்ளளவி இருக்கிறது. 'தொடங்கு' வந்ததும் அது மாறாத மின்னோட்டம் ஒன்றினால் ஏற்றப்படத் தொடங்கும். 'நிறுத்து' வந்ததும் ஏற்றம் நின்றுவிடும். அப்போது அதிலுள்ள அழுத்தம் எவ்வளவோ, அதற்கு நேர்விகிதசமமானது கழிந்த நேரம். நீங்கள் வகுப்பில் படிக்கும் கொள்ளளவியேதான். இங்கே அது கடிகாரமாக வேலை செய்கிறது.

ஒரு கரு தரும் ஓர் இடைவெளியால் பயன் எதுவும் இல்லை, ஏனெனில் எந்தக் கரு எப்போது இறங்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இலட்சக்கணக்கான இடைவெளிகளைச் சேர்த்து, எத்தனை கருக்கள் எவ்வளவு நேரம் தங்கின என்று வரைபு கீறினால்தான் அடுக்குக்குறி முறையில் தேயும் வளையி தெரியும். எண்ணிக்கையின் மடக்கையை எடுத்துக் கீறினால் அது நேர்கோடாகும். அதன் சரிவிலிருந்து 98 நனோ செக்கன் என்ற அரை ஆயுட்காலம் கிடைக்கும். சராசரி ஆயுள் அதை 0.693 ஆல் வகுத்து வரும் 141 நனோ செக்கன். இந்தத் துறையில் 'ஆயுள்' என்று எழுதப்படுவது பெரும்பாலும் சராசரி ஆயுளே என்பதை நினைவில் வைத்திருங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிழையைப் பட்டப்படிப்பு விடைத்தாள்களிலும் கண்டிருக்கிறேன்.

இந்தப் பரிசோதனையை முதன்முறை நான் செய்தபோது, நேர அச்சைச் சரிபார்க்க எனக்குத் தரப்பட்டது ஒரு சுருள் கோஅக்சியல் கேபிள். அதில் மின்துடிப்பு ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 5 நனோ செக்கன் எடுக்கும். 'நிறுத்து' பக்கத்தில் 10 மீற்றர் கேபிளைக் கூடுதலாகச் செருகியதும், திரையிலிருந்த வளையி முழுவதும் 50 நனோ செக்கன் வலப்பக்கம் நகர்ந்து நின்றது. மேசையில் கிடந்த அந்தக் கறுப்புச் சுருளைக் கையால் தொட்டு, இதுதான் 50 நனோ செக்கன் என்று உணர்ந்த அந்தக் கணத்தில்தான் இந்த எண்கள் எனக்கு உண்மையாயின. எண்ணிக்கை சேர ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. 14.4 படியிலிருந்து இறங்கும் கருக்களில் பத்தில் ஒன்றளவே காமாக் கதிரை விடுகின்றது; ஏனையவை அந்தச் சக்தியைத் தம்மைச் சுற்றியுள்ள இலத்திரன் ஒன்றுக்குக் கொடுத்து அதை வெளியே தள்ளிவிடுகின்றன.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்): நனோ செக்கன் வரை மின்சுற்றினால் முடியும் என்பது விளங்குகிறது. அதற்கும் கீழே போனால் என்ன செய்கிறார்கள்?

பதில்: முதலில் அதே மின்சுற்றையே கூர்மையாக்குகிறார்கள், ஐயா. லந்தனம் புரோமைட்டுப் பளிங்கில் மினுக்கம் மிக விரைவாக எழுவதால், இரு உணர்கருவிகளுக்கு இடையிலான நேரத்தை ஏறத்தாழ சில நூறு பிக்கோ செக்கன் கூர்மையுடன் அறியலாம். ஆயுள் அந்தக் கூர்மையைவிடச் சிறியதாக இருந்தால் தேயும் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மொத்தக் குவியலின் மையம் ஆயுளின் அளவுக்கு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். குவியல் அகலமானதுதான், எனினும் இலட்சம் நிகழ்வுகளைக் கொண்ட குவியலின் மையத்தை அதன் அகலத்தைவிடப் பன்மடங்கு நுட்பமாகக் குறிக்க முடியும் என்பதைக் கணித ஆசிரியராகிய தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வழியில் சில பிக்கோ செக்கன் வரை இறங்கலாம்.

அதற்கும் கீழே கடிகாரத்தை முற்றாகக் கைவிட்டு, நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறார்கள். இத்துறையின் முறைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் புகையிரத நிலைய மேடையில் நீங்கள் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புங்கன்குளம் பக்கமிருந்து வரும் வண்டி ஓடிவரும்போதே ஊதினால் ஒலி சற்று உயர்ந்து கேட்கும். வந்து நின்ற பின் ஊதினால் அதன் இயல்பான சுருதி கேட்கும். டொப்ளர் விளைவு நாம் எல்லோரும் அறிந்ததே. ஆகவே கண்ணைத் திறக்காமலே, ஊதியபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று சொல்லிவிடலாம். இனி ஒரே வேகத்தில் பல ஆயிரம் வண்டிகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் புறப்பட்டபின் ஏதோவொரு கணத்தில் ஒரேயொரு முறை ஊதுவதாகவும் கொள்ளுங்கள். ஓடும்போது ஊதியவை எத்தனை, நின்றபின் ஊதியவை எத்தனை என்று எண்ணினால், புறப்பட்ட இடத்திலிருந்து நிலையம் வரையுள்ள தூரத்தையும் வண்டியின் வேகத்தையும் கொண்டு, சராசரியாக எவ்வளவு நேரத்தில் ஊதுகின்றன என்று கணித்துவிடலாம்.

கருவுக்கும் இதுவேதான். துணிக்கை ஆர்முடுக்கியிலிருந்து வரும் கற்றை ஒரு மெல்லிய இலக்குத் தகட்டில் மோதுகிறது. மோதலில் உருவாகும் அருட்டப்பட்ட கரு, மோதிய துணிக்கையின் உந்தத்தை வாங்கிக்கொண்டு தகட்டைவிட்டு வெளியே பாய்கிறது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 2 சதவீதம் என்று கொண்டால், ஒரு பிக்கோ செக்கனில் அது 6 மைக்கிரோமீற்றர் செல்லும். எதிரே ஒரு குறித்த தூரத்தில் இரண்டாவது தகடு அதை நிறுத்திவிடக் காத்திருக்கிறது. முன்திசையில் நின்று பார்க்கும் உணர்கருவிக்கு, நின்றபின் வெளிவரும் 1000 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கதிர் 1000 ஆகவே தெரியும்; பறக்கும்போது வெளிவந்தது ஏறத்தாழ 1020 ஆகத் தெரியும். நல்ல ஜேர்மானியம் உணர்கருவி இந்தச் சக்தியில் 2 கிலோ இலத்திரன்வோல்ற்று வித்தியாசத்தையே பிரித்துக் காட்டுமாதலால், 20 என்பது தாராளமான இடைவெளி. நிறமாலையில் அடுத்தடுத்து இரு சிகரங்கள் எழும். கருவின் சராசரி ஆயுள் 10 பிக்கோ செக்கன் எனில், தகடுகளுக்கிடையே 60 மைக்கிரோமீற்றர் வைத்தால் 37 சதவீதமானவை நின்றபின் கதிர் விடும். 120 வைத்தால் 13.5 சதவீதம். தூரத்தை மாற்றி மாற்றி இந்த விகிதத்தைக் கீறினால், தேயும் அதே வளையி மறுபடியும் கிடைக்கிறது. கிடையச்சில் இப்போது இருப்பது நேரமல்ல, தூரம். அறுபது மைக்கிரோமீற்றர் என்பது ஒரு தலைமயிரின் தடிப்பளவு.

பிளஞ்சர் என்று அழைக்கப்படும் இந்தக் கருவியை அமைப்பதில் கைவேலை நிறைய உண்டு. தகடுகள் இரண்டும் தவிலின் தோல்போல இழுத்துக் கட்டப்பட்டு, ஒன்றுக்கொன்று பிசகாமல் சமாந்தரமாக நிற்க வேண்டும். ஒரு சிறு மடிப்பு இருந்தால்கூட 5 மைக்கிரோமீற்றர் தூரம் என்பது பொருளற்றதாகிவிடும். கற்றை பட்டுச் சூடேறும்போது தகடு சற்று வெளித்தள்ளும். அதை உடனுக்குடன் அறிந்து திருத்த வேண்டும். அந்தத் தூரத்தை எப்படி அறிகிறார்கள் என்றால், இரு உலோகத் தகடுகளும் சேர்ந்தால் ஒரு கொள்ளளவி என்பதாலும், அதன் கொள்ளளவம் இடைவெளிக்கு நேர்மாறு விகிதசமம் என்பதாலும், கொள்ளளவத்தை அளந்தே தூரத்தை அறிகிறார்கள். கொக்குவில் மாணவி இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: அங்கே நேரத்தைத் தந்த அதே கொள்ளளவி இங்கே தூரத்தைத் தருகிறது.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் அளக்கும் படிக்குக் கரு நேரே வந்து சேர்வதில்லை. மேலுள்ள படிகளில் தங்கித் தங்கி இறங்கி வருகிறது. மேலே கழிந்த நேரமும் நம் கணக்கில் ஏறிவிட்டால், ஆயுள் உள்ளதைவிட நீண்டதாகத் தெரியும். இதற்குத் தீர்வு, மேற்படியிலிருந்து வரும் கதிர் பறக்கும்போதே வெளிவந்தது என்று உறுதியான நிகழ்வுகளை மட்டும் பொறுக்கி, அவற்றுடன் சேர்ந்து வந்த கீழ்க்கதிரை எண்ணுவது. இந்த வழியை ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகக் குழுவினர் 1980களின் இறுதியில் செம்மைப்படுத்தினர். அதற்கு முந்திய அளவீடுகள் சிலவற்றைப் பின்னர் திருத்த வேண்டி வந்ததற்கு இந்த மேற்படித் தாமதமும் ஒரு காரணம்.

கேள்வி (பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்): தகடுகளை இன்னும் இன்னும் நெருக்கி வைத்தால் எவ்வளவு சிறிய ஆயுளையும் அளந்துவிடலாமா?

பதில்: முடியாது. ஒரு பிக்கோ செக்கனுக்குக் கீழே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அந்த இடத்தில் இரு தகடுகளையும் ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். தங்கம் போன்ற பாரமான உலோகத்துக்குள் நுழையும் கரு ஒரேயடியாக நிற்பதில்லை. ஏறத்தாழ ஒரு பிக்கோ செக்கனுக்குள் படிப்படியாக வேகம் குறைந்து நிற்கும். அதற்கிடையில் எந்தக் கணத்தில் கதிர் விட்டதோ, அந்தக் கணத்து வேகத்துக்குரிய பெயர்ச்சி அந்தக் கதிரில் பதிந்திருக்கும். இரண்டு சிகரங்களுக்குப் பதிலாக, ஒரு பக்கம் சரிந்த ஒரே சிகரம் நிறமாலையில் தெரியும். அந்தச் சரிவின் வடிவத்திலிருந்து ஆயுளைக் கணிக்கலாம். இங்கே கடிகாரம் உலோகமே. ஆகவே அந்த உலோகம் கருவை எவ்வளவு விரைவாக நிறுத்துகிறது என்று நமக்கு எவ்வளவு சரியாகத் தெரியுமோ, அவ்வளவுக்கே விடையும் சரியாக இருக்கும். அந்த அறிவில் உள்ள பிழை விடையில் அப்படியே ஏறிவிடும் என்பதால், இம்முறையில் கிடைத்த எண்களை வாசிக்கும்போது எந்த நிறுத்தும் வலுவைப் பயன்படுத்தினார்கள் என்று நான் முதலில் தேடிப்பார்ப்பேன்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து பல்கலைக்கழக மாணவர்): நிச்சயமின்மைத் தத்துவப்படி ஆயுள் குறுகினால் சக்திமட்டம் அகலும். நேரத்தை விட்டுவிட்டு அகலத்தையே அளந்தால் போதாதா?

பதில்: போதும்; பல இடங்களில் அதுவே ஒரே வழி. அகலத்தையும் சராசரி ஆயுளையும் பெருக்கினால் 6.58 × 10⁻¹⁶ இலத்திரன்வோல்ற்று செக்கன் வர வேண்டும். மேலே சொன்ன இரும்பு-57 இன் 14.4 படிக்கு இதன்படி அகலம் 4.7 × 10⁻⁹ இலத்திரன்வோல்ற்று. இவ்வளவு ஒடுங்கிய ஒன்றை அளக்கலாம் என்ற எண்ணமே 1958 இல் ருடோல்ஃப் மொஸ்பவர் தம் கண்டுபிடிப்பை வெளியிடும்வரை எவருக்கும் வந்திருக்காது. பளிங்கில் இறுகப் பிணைந்த கரு பின்னுதைப்பு இல்லாமல் கதிரை விடவும் ஏற்கவும் முடியும் என்று அவர் காட்டினார். 1961 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலத்தைச் செக்கனுக்கு 0.1 மில்லிமீற்றர் என்ற வேகத்தில், எறும்பு ஊர்வதைவிட மெதுவாக நகர்த்தினாலே, டொப்ளர் பெயர்ச்சி அந்த அகலத்துக்குச் சமமாகிவிடும். மூலத்தின் அகலமும் ஏற்பியின் (கதிரை ஏற்கும் இரும்பு மாதிரியின்) அகலமும் சேர்வதால், அளக்கப்படும் அகலம் ஆகக் குறைந்தது இரு மடங்காயிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அதைக் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் ஆயுள், கொள்ளளவிக் கடிகாரம் தந்த 141 நனோ செக்கனுடன் ஒத்துப்போகிறது. தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே எண்ணுக்கு வந்து சேர்வதுதான் முதற்கேள்வி கேட்ட மாணவிக்கு நான் தரக்கூடிய ஆகப் பெரிய உறுதி.

மறுமுனையில் காபன்-12 இன் 4.44 மெகா இலத்திரன்வோல்ற்று நிலை இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 0.011 இலத்திரன்வோல்ற்று, ஆயுள் 60 பெம்டோ செக்கன் அளவு (ஒரு பெம்டோ செக்கன் பிக்கோ செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு). அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப அசைவே அந்தக் கோட்டைப் பல நூறு மடங்கு அகலமாக்கிவிடுவதால், அகலத்தை நேரே பார்க்க முடியாது. எனவே அந்த நிலை காமாக் கதிரை மொத்தமாக எவ்வளவு விழுங்கிச் சிதறடிக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த மொத்த அளவு அகலத்துக்கு விகிதசமமானது, வெப்ப அசைவு அதை மாற்றுவதில்லை.

கேள்வி (மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி): இவ்வளவு பாடுபட்டு இந்த ஆயுள்களை அறிவதால் கிடைப்பது என்ன?

பதில்: கருவின் வடிவம் தெரிகிறது, அம்மா. சமாரியம்-152 என்ற கருவின் முதற்படி 122 கிலோ இலத்திரன்வோல்ற்று உயரத்தில் இருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம் 1.4 நனோ செக்கன். தனியொரு புரோத்தன் இடம்மாறி இந்தக் கதிரை விடுவதாகக் கணித்தால், இறக்கம் இதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவாக நடக்க வேண்டும். இவ்வளவு விரைவாக நடப்பதற்கு ஒரே விளக்கம், பல புரோத்தன்கள் ஒன்றுசேர்ந்து அசைகின்றன, அதாவது கரு உருண்டையாக இல்லாமல் நீள்வடிவில் இருந்து முழுவதுமாகச் சுழல்கிறது என்பதே. நுணுக்குக்காட்டி எதனாலும் காண முடியாத ஒன்றின் உருவத்தை, அது எவ்வளவு நேரம் தங்கியது என்பதிலிருந்து வரைந்துவிடுகிறார்கள். தனித் துணிக்கைகளின் அசைவும் கூட்டசைவும் கருவுக்குள் எப்படி இணைகின்றன என்று காட்டிய ஓகே போர், பென் மொட்டல்சன், ஜேம்ஸ் ரெயின்வோட்டர் மூவருக்கும் 1975 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய கருத்தைச் சோதித்துப் பார்த்த உரைகல் இந்த ஆயுள்களே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: இத்தகைய இறக்கத்தின் விரைவு கதிர்ச்சக்தியின் ஐந்தாம் அடுக்குக்கு விகிதசமமானது. சக்தி இரட்டித்தால் விரைவு 32 மடங்காகும். ஆகவே இரு கருக்களின் ஆயுளை அப்படியே ஒப்பிடக்கூடாது. சக்தியின் பங்கை நீக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நேரடிப் பயனும் உண்டு. தைரொயிட்டு, எலும்பு முதலியவற்றின் ஸ்கானுக்கு ஏற்றப்படும் தெக்னீசியம்-99எம் என்பது ஓர் அருட்டப்பட்ட கருதான். அதன் அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம். நோயாளிக்கு ஏற்றிப் படமெடுக்க அது போதுமான நேரம். மறுநாளைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்.

கேள்வி (நல்லூரிலிருந்து ஒரு வாசகர்): ஆக நீண்ட ஆயுள் எது?

பதில்: தந்தாலம்-180 இன் அருட்டப்பட்ட நிலை. அதன் தரைநிலை 8 மணித்தியால அரை ஆயுட்காலத்துடன் தேய்ந்துவிடுகிறது; அருட்டப்பட்ட நிலையோ இயற்கையில் அப்படியே கிடைக்கிறது, அது தேய்ந்ததை இதுவரை எவரும் கண்டதில்லை. சுழற்சியளவு 9 இலிருந்து 1 இற்கு ஒரே பாய்ச்சலில் இறங்க வேண்டியிருப்பதே காரணம். அண்மையில் பேசப்படும் இன்னொன்று தோரியம்-229. அதன் முதற்படி வெறும் 8.4 இலத்திரன்வோல்ற்று உயரத்தில் இருப்பதால், 2024 இல் புறவூதா லேசரினாலேயே அதை அருட்டிவிட்டார்கள். கல்சியம் புளோரைட்டுப் பளிங்குக்குள் அதன் ஆயுள் பத்து நிமிட அளவு. அதற்குச் சாதாரண கைக்கடிகாரமே போதும்.

கேள்வி (திருநெல்வேலி மாணவரின் இரண்டாவது கேள்வி): இவற்றில் எதையாவது யாழ்ப்பாணத்திலேயே செய்து பார்க்க முடியுமா?

பதில்: பிளஞ்சருக்கு ஆர்முடுக்கி வேண்டும், நமக்கு அண்மையில் அவ்வசதி இருப்பது புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுக்கி நிலையத்தில். இரும்பு-57 பரிசோதனைக்கு மேசையளவு இடம் போதும். ஆனால் கோபாற்று மூலத்தை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் தேவை. எந்த மூலமும் அனுமதியும் இல்லாமல் அதே முறையைக் கையால் பழக விரும்பினால், வானிலிருந்து வரும் மியூவோன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அது கருவல்ல, துணிக்கை. என்றாலும் 'தொடங்கு', 'நிறுத்து' என்ற அளவீடு எழுத்துக்கெழுத்து அதேதான். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர் மீது நிமிடத்துக்கு ஒன்றளவில் அவை விழுகின்றன. மினுங்கும் பிளாஸ்டிக் குற்றி ஒன்றையும் அதனோடு ஒட்டிய ஒளிப்பெருக்கிக் குழாயையும் கறுப்பு நாடாவால் ஒளி புகாதபடி சுற்றிக்கட்டுங்கள். சுற்றிய பின், அறை விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்து, எண்ணிக்கை மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறினால் எங்கோ ஒளி கசிகிறது. குற்றிக்குள் நின்றுவிடும் மியூவோன் ஒரு மினுக்கம் தரும். அது சிதையும்போது வெளிவரும் இலத்திரன் இரண்டாவது மினுக்கம் தரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரங்களை ஒரு வாரம் சேர்த்துக் கீறினால் 2.2 மைக்கிரோ செக்கனுக்குச் சற்றுக் குறைவான ஆயுள் வரும். சற்றுக் குறைவது உங்கள் பிழையல்ல. மறை ஏற்றமுள்ள மியூவோன்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக்கிலுள்ள காபன் கருக்கள் சிதைவதற்கு முன்னரே கவர்ந்துவிடுகின்றன.